ஓடிப்போகாத உங்கள் அக்காவைப் பற்றி

மதிப்புக்குரிய மச்சானுக்கு, உங்கள் அத்தான் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலம் விசாரிக்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் அதை விசாரிக்காமல் ஒரு கடிதத்தை எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை, முப்பத்துநான்கு வருஷம் அரசாங்கக் கடிதம் மட்டுமே எழுதிய கை இது. கடையில் வியாபாரம் நன்றாக நடக்கிறதா? மருந்துக் கடையில் வியாபாரம் நன்றாக நடக்க வேண்டும் என்று வாழ்த்துவது ஊரில் எல்லோரும் நோயில் விழ வேண்டும் என்பதுபோல் ஆகிவிடுகிறது. ஆகையால் அளவாக நடக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு உங்களுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். என்ன பேசினார் என்பதை அவரே பெருமையாக வந்து என்னிடம் ஒப்பித்தார். "தம்பி, நடந்தது நடந்துபோச்சு. உங்க அக்காவுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லி வீட்டுக்கு அனுப்பி வைங்க. சார் பழசையெல்லாம் மறந்து ஏத்துக்குவார். நான் கேரண்டி" என்றாராம்.  நீங்கள் "யார் பேசறது?" என்று கேட்டுவிட்டு, பதில் வருமுன் போனை வைத்துவிட்டீர்களாம். "தம்பிக்கும் அவமானமா இருக்கும் சார், பாவம்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். மச்சான், உங்கள் அக்கா போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. அவளை மண்ணில் இறக்கியபோது ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் நான். அப்படியிருக்க இந்த ஆள் உங்களுக்குப் போன் செய்து அவளைத் திருப்பி அனுப்பச் சொல்கிறார் என்றால், தவறு அவருடையது அல்ல. முழுக்க முழுக்க என்னுடையது. அது எப்படி நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லிவிடத்தான் இந்தக் கடிதம். உங்களிடமிருந்து எதையும் எதிர்பார்த்து எழுதவில்லை. பதில் போட வேண்டாம். படித்துவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

இந்தக் குடியிருப்புக்கு நான் வந்து எட்டு மாதம் ஆகிறது. பழைய வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் அவள் மடித்து வைத்தபடியே எல்லாம் இருந்தது. அதனால்தான் மாறினேன். இங்கே இரண்டாம் மாடியில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்காருவேன், இன்னொன்றில் இஸ்திரி போட வேண்டிய சட்டைகள் உட்காரும். இந்த எட்டு மாதத்தில் என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. காவலாளி மட்டும் "தண்ணி வருதா சார்?" என்பார், நான் "வருது" என்பேன், அன்றைய பேச்சு அதோடு முடியும். குழந்தை குட்டி இல்லாதவன் வீட்டு அழைப்பு மணி எப்படிச் சத்தம் போடும் என்பதே எனக்கு மறந்திருந்தது. இந்த நிலைமையில் மேல் வீட்டில் தரையைப் பெயர்த்துப் புதிதாகக் கல் பதிக்க ஆரம்பித்தார்கள். துளைபோடும் இயந்திரம் மண்டைக்குள்ளேயே ஓடியது. தப்பித்து நூலகத்துக்குப் போனேன். அங்கே மின்விசிறிக்கு நேர் கீழே ஒரு நல்ல மேஜை, அதில் போய் உட்கார்ந்தேன். நூலகர் வந்து, "சார், செவ்வாயும் வெள்ளியும் மூணு மணிக்கு இது வாசகர் வட்டத்துக்கான மேஜை. ஒண்ணு நீங்களும் சேருங்க, இல்லேன்னா எழுந்திருங்க" என்றார். எழுந்திருக்கச் சோம்பலாக இருந்ததால் இலக்கியத்தில் சேர்ந்தேன்.

வட்டம் என்று பெயரே தவிர, மொத்தம் மூன்று பேர். ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை ஒருவர், ஒரு பல் டாக்டர், வேலை முறை மாறும் இடைவெளியில் வருகிற ஒரு நர்ஸ். அவர்கள் படித்துக்கொண்டிருந்தது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஆங்கில நாவல், அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். பேராசிரியை ஓர் அத்தியாயத்தை ஆங்கிலத்தில் வாசிப்பார், பிறகு தமிழில் விளக்குவார், பிறகு நாங்கள் பேச வேண்டும். கதை பெரிதாக ஒன்றுமில்லை. குளிர்ப் பிரதேசத்தில் ஒரு கம்பளி வியாபாரி, நாற்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவர். அவருக்கு இருபது வயதில் ஒரு மனைவி. வீட்டுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு வாத்தியார் வருகிறான். முப்பத்தோராவது அத்தியாயத்தில் அந்தப் பெண் மழையில் வீட்டை விட்டு இறங்கி அவனோடு போய்விடுகிறாள். அந்த அத்தியாயம் முடிந்ததும் பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்த இடத்துல உங்களுக்கு யார் மேல இரக்கம் வருது? ஏன் வருது? அதைத்தான் பார்க்கணும்" என்று கேட்டார். பல் டாக்டர் "அந்தப் பொண்ணு மேலதான்" என்றார். நர்சும் அதையே சொன்னார். என்னைப் பார்த்தார்கள். நான், "எனக்குப் புருஷன் மேல" என்றேன். பல் டாக்டர் சிரித்துவிட்டார். பல் டாக்டர் சிரித்தால் எல்லாப் பல்லும் தெரிகிறது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது, மச்சான். எடை அளவு ஆய்வாளராக எத்தனை தராசைப் பார்த்திருப்பேன்? இந்தத் தராசில் ஏதோ கோளாறு என்று என் மனசுக்குப் பட்டது. நாவலை வீட்டுக்கு எடுத்துவந்து, பக்கத்தில் அகராதியும் பென்சிலுமாக உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மனைவி என்ன நினைக்கிறாள், எதற்கு ஏங்குகிறாள், ஜன்னல் வழியே எதைப் பார்க்கிறாள் என்பதற்கு நானூற்று இரண்டு பக்கம். பாட்டு வாத்தியாருக்குத் தொண்ணூற்றேழு. புருஷனுக்குப் பதினொன்று. அதிலும் நாலு பக்கத்தில் இருமிக்கொண்டே இருக்கிறார். அவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்பதற்கு ஒரே ஒரு வரி, அதுவும் கம்பளியைப் பூச்சி அரிப்பதைப் பற்றி. அடுத்த கூட்டத்தில் இதை எடுத்து வைத்தேன். "மேடம், தட்டுக்கு அடியில காந்தம் வெச்சு நிறுத்தா முள்ளு அந்தப் பக்கம்தான் சாயும். யார் மனசுக்குள்ள நம்மளக் கூட்டிட்டுப் போறாங்களோ அவங்க மேல இரக்கம் வரும். வாசல்லயே நிக்க வெச்ச ஆள் மேல எப்படி வரும்?" என்றேன். பேராசிரியை என்னை உற்றுப் பார்த்தார். "முப்பது வருஷம் இதைத்தான் நான் கரும்பலகையில எழுதி எழுதிக் காட்டினேன். காந்தம்னு எனக்குச் சொல்லத் தெரியல" என்றார். பிறகு, "அப்போ நீங்க ஒண்ணு பண்ணுங்க. முப்பத்தோராவது அத்தியாயத்தைப் புருஷன் மனசுக்குள்ள இருந்து எழுதிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்.

எழுதினேன். பதினான்கு பக்கம் வந்தது. ஆய்வு அறிக்கை தவிர வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே எழுத்து. முதல் வரி இப்படி: "என் மனைவி பாட்டு வாத்தியாரோடு வீட்டை விட்டுப் போன அன்று மழை பெய்துகொண்டிருந்தது; நான் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தேன்." நன்றாக வந்திருப்பதாக எனக்கே தோன்றியது. ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாமென்று, ஒரு புதன்கிழமை எங்கள் வாசலுக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அம்மா முதல் தாளைக் கண்ணாடிமேல் வைத்தார், எடுத்தார், படித்தார், இரண்டாவது தாளையும் படித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. "எத்தனை காப்பி சார்? கோர்ட்டுக்குன்னா அஞ்சு செட்டா எடுத்துக்கோங்க. எங்க சின்ன மாமா நல்ல வக்கீல்" என்றார். என் எழுத்தைத்தான் பாராட்டுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, அந்தக் கடைசி வாக்கியம் புரியாமலேயே நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவர் தனக்கென்று ஒரு பிரதி எடுத்து வைத்ததும், அது குடியிருப்பில் கைமாறியதும் பிறகுதான் தெரிந்தது. ஒன்பதாம் பக்கத்தில் குதிரை வண்டி வருகிறது, மச்சான். அதுவரை படித்திருந்தால் இந்த வம்பே இல்லை. ஆனால் இரக்கப்படுகிறவர்கள் யாரும் ஒன்பதாம் பக்கம்வரை போவதில்லை.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. எங்கேயோ அடிக்கிறது என்று சும்மா இருந்தேன். மறுபடியும் அடித்தது. திறந்தால் சங்கச் செயலாளர். உள்ளே வந்து, நாற்காலியிலிருந்த சட்டைகளைத் தன் கையாலேயே எடுத்துக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். "எல்லாம் கேள்விப்பட்டேன் சார். இத்தனை நாளா ஒத்தைல எல்லாத்தையும் மனசுல போட்டுப் பூட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று என் தோளில் கை வைத்தார். நான் சொல்ல வாயெடுத்தேன், சத்தியமாக எடுத்தேன். ஆனால் அந்தக் கை தோளிலேயே இருந்தது. உங்கள் அக்கா போனபிறகு என் தோளில் கை பட்டது இரண்டே தடவை. ஒருமுறை சட்டைக்கு அளவெடுத்த தையற்காரர், ஒருமுறை பஸ்ஸில் தூங்கிச் சாய்ந்த யாரோ. இவர் கை எடுத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பொறுத்தேன். கையை எடுத்த கையோடு அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை எதிர்வீட்டம்மா ஒரு கிண்ணத்தில் சுடச்சுடச் சாப்பாடு கொண்டுவந்தார். நாலாம் மாடி ஓட்டுநர் படியில் மறித்து, "விடுங்க சார், இந்தப் பாட்டு வாத்தியானுங்களே இப்படித்தான்" என்று பல்லைக் கடித்தார். காவலாளி தண்ணீரைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டு, "தூங்கினீங்களா சார்?" என்று கேட்க ஆரம்பித்தார். எல்லோருக்கும் என்னிடம் பேச ஏதோ இருந்தது. எனக்குப் பதில் சொல்லக்கூட வேண்டியிருக்கவில்லை, தலையைக் குனிந்தால் போதும், மற்றதை அவர்களே பூர்த்தி செய்துகொண்டார்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று பதினொரு நாள் போயிற்று. அந்தப் பதினொரு நாளும் என் மனைவி, உங்களோடு பிறந்த அக்கா, இரண்டாம் மாடிப் படிக்கட்டுப் பேச்சில் ஓடிப்போனவளாக இருந்தாள். அந்தப் பழியின் பேரில் நான் சாப்பாடு வாங்கிச் சாப்பிட்டேன். இதை எப்படி எழுதினாலும் வேறு மாதிரி வரவில்லை. நாலு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன்.

இதற்கு நடுவே வெள்ளிக்கிழமை வாசகர் வட்டத்தில் என் பதினான்கு பக்கத்தைப் படித்தேன். பல் டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை, "பாவம்தான்யா அந்த ஆளும்" என்றார். பேராசிரியை ஒரு பக்கத்தைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். நர்ஸ் மட்டும் தாள்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நல்லாதான் எழுதியிருக்கீங்க சார். இவர் மனசுக்குள்ளயும் போயிட்டு வந்தாச்சு. ஆனா இந்தப் பதினாலு பக்கத்துல ஒரு இடத்துலகூட இவர் அவங்ககிட்ட எதுவும் கேக்கலியே? உனக்கு என்ன வேணும், ஏன் ஒரு மாதிரி இருக்க, எதுவுமே?" நான், "அது மூலத்துல இருக்கும்மா" என்று அடித்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்து தேடினேன். அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம், வரிவரியாக. இடையிடையே ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்குக் கதவு திறந்துவிட்டு, அவர்கள் போனதும் விட்ட இடத்திலிருந்து மறுபடி தேடினேன். எட்டாம் நாள், சனிக்கிழமை, ஐந்நூற்று நாற்பதாம் பக்கம்வரை வந்துவிட்டு, சந்தேகத்தில் திரும்பப் புரட்டியபோது, ஏற்கெனவே தாண்டி வந்த இருநூற்றெட்டாம் பக்கத்தில் ஒன்றைத் தவறவிட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். அதுவரை புருஷன் மனைவியிடம் கேட்டிருந்த ஒரே கேள்வி. "பின்கதவைப் பூட்டினாயா?"

அதற்குமேல் அந்தப் புத்தகத்தைப் படிக்க முடியவில்லை. உட்கார்ந்து யோசித்தேன், நான் உங்கள் அக்காவிடம் என்னென்ன கேட்டிருக்கிறேன் என்று. கேஸை மூடினாயா? சாவி எங்கே? மோட்டார் போட்டாயா? தபால் வந்ததா? இருபத்தொன்பது வருஷத்தில் இதைத் தாண்டி ஒன்றும் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அவள் துணிமணிகளைப் பிரித்துக் கொடுத்த அன்று நீங்கள் அலமாரி முன்னால் நின்றுகொண்டு, "அத்தான், அக்காவுக்கு என்ன கலர் பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டீர்கள். நான் "எல்லா கலரும்" என்றேன். "நீங்க அவகிட்ட பேசினதே இல்ல" என்று சொல்லிவிட்டு நீங்கள் அன்றைக்குப் படியிறங்கியவர்தான். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? ஒரு நாள் அவளை நான் கைநீட்டி அடித்திருப்பேனா, சம்பளத்தில் ஒரு ரூபாய் மறைத்திருப்பேனா, இவன் யார் என்னைக் கேட்க என்று மாதக்கணக்கில் மனசுக்குள் உங்களோடு வாதாடிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் ஒரு கேள்வி கேட்டேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. "வலிக்குதா?" என்றேன். "இல்ல" என்றாள். சரி என்று செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டேன். முள் காட்டுவதை அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது, படிக்கல்லைத் தட்டில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று கடைக் கடையாகப் போய்ச் சத்தம் போட்டவன் நான்.

மறுநாள்தான் உங்களுக்குப் போன் வந்தது. குடியேறும்போது எழுதிக்கொடுத்த படிவத்தில் 'அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர்' என்ற இடத்தில் உங்கள் எண்ணைத்தான் போட்டிருந்தேன். நாம் பேசிக்கொள்வதில்லை என்று எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை. செயலாளர் வந்து ஒப்பித்துவிட்டுப் போனபிறகு, மாலையில் கீழே சங்கக் கூட்டம் இருந்தது. தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்வதைப் பற்றி. நான் எழுந்து நின்றேன். என்னைப் பேச விட்டார்கள், அவ்வளவு மரியாதை எனக்கு அப்போது. "என் மனைவி யார்கூடவும் ஓடிப்போகல. பதினாலு மாசத்துக்கு முன்னால செத்துப்போயிட்டா. நீங்க படிச்சது ஒரு இங்கிலீஷ் கதை. நான் வாயைத் திறக்காம இருந்தது என் தப்பு" என்றேன்.  எதிர்வீட்டம்மா, "அப்போ அந்தக் குதிரை வண்டி..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அவர் ஒருவர் மட்டும் ஒன்பதாம் பக்கம்வரை போயிருக்கிறார் போலிருக்கிறது. பிறகு செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தொட்டி விஷயத்துக்கு வந்தார்.

மச்சான், ஒன்றைக் கவனித்தேன். மனைவி ஓடிப்போனாள் என்றால் பதினொரு நாள் பேசுகிறார்கள். இறந்துபோனாள் என்றால் "அப்படியா" என்று அரை நிமிஷம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சாவில் அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க ஒன்றுமில்லையே. கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன், எதிர்வீட்டம்மா வாசலிலேயே வாங்கிக்கொண்டார். காவலாளி மறுபடி தண்ணீருக்கு வந்துவிட்டார்.

நேற்று இன்னொரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் குடியிருப்பிலேயே முதல் மாடியில் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறவர் ஒருவர் இருக்கிறார். வதந்தியில் அவர் தலையும் உருண்டு, நாலு பிள்ளைகள் வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். போய் நடந்ததைச் சொன்னேன். ஐம்பத்திரண்டு வயது, என் இரண்டு மடங்கு தொப்பை. "என்னைப் பார்த்தா மழையில ஓடிப்போற ஆள் மாதிரியா சார் தெரியுது?" என்று கேட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "இவரா? பால் வாங்கிட்டு ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குது. ஓடிப்போறாராம்!" என்று சிரித்த சிரிப்பு மாடிப்படிவரை கேட்டிருக்கும். அவருக்கு அந்தச் சிரிப்பில் கொஞ்சம் வருத்தம் என்றுதான் நினைக்கிறேன். மூன்று பிள்ளைகள் வீட்டுக்கு நானே போய்ச் சொல்லித் திரும்ப அனுப்பி வைத்துவிட்டேன். நாலாவது பிள்ளை இதைச் சாக்காக வைத்துக்கொண்டு வர மறுக்கிறது.

நடந்தது இவ்வளவுதான். இரக்கம் தேடி இதை எழுதவில்லை. இந்தப் பக்கங்களிலும் நான் என் மனசுக்குள்ளேயேதான் உங்களை நடத்திக் கூட்டிவந்திருக்கிறேன், அக்கா வாசலில்தான் நிற்கிறாள். அவளைப் பற்றி எழுத எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்பதால். வாசகர் வட்டத்துக்கு இனிப் போவதில்லை என்று தீர்மானித்துவிட்டேன். நாவலின் கடைசி எழுபது பக்கத்தில் தேடாமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, துணை என்று யாரும் தேவையும் இல்லை, கல் பதிக்கும் வேலையும் முடிந்துவிட்டது, வீடு அமைதியாக இருக்கிறது. உங்களைத் தொந்தரவு செய்ய நான் அங்கே வரவும் மாட்டேன். படிவத்தில் உங்கள் எண்ணையும் அடித்துவிடச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை இன்று தபாலில் சேர்க்கிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பு. பெரியவளும் சின்னவனும் நன்றாகப் படித்து, நிறையப் பேசி, நீண்ட நாள் வாழ வேண்டும். உங்கள் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் சீக்கிரம் குணமாகி, வேறு ஏதாவது வாங்க வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பி.கு.: தபாலில் சேர்க்கவில்லை. பெட்டி வரை போய்விட்டு, போட மனமில்லாமல் பஸ் ஏறிவிட்டேன். இதை உங்களிடம் கொடுத்த மருந்துக் கம்பெனிக்காரர் எனக்குத் தெரிந்தவர் அல்ல, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர். உங்கள் கடைக்குத்தான் வருகிறார் என்றதால் கையில் கொடுத்து அனுப்பினேன். நான் உங்கள் கடைக்கு எதிர்ப்புறம் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் இருக்கிறேன், சாம்பல் நிறச் சட்டை. எதையும் எதிர்பார்க்கவில்லை என்று மேலே எழுதியதெல்லாம் பொய். படிவத்திலும் உங்கள் எண் அப்படியேதான் இருக்கிறது. அக்கா சின்ன வயதில் எப்படி இருப்பாள், எதற்குச் சிரிப்பாள், என்ன கலர் பிடிக்கும் என்று உங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் மச்சான், கேட்க வேறு யாரும் இல்லை. கூட்டம் இருந்தால் அவசரமில்லை, வியாபாரத்தைப் பாருங்கள். கோபம் தீரவில்லை என்றால் இந்தப் பக்கம் பார்க்காமல் இருந்துவிடுங்கள், நாலரைக்குத் திரும்பிப் போகிற பஸ் இருக்கிறது. ஐந்தரைக்கும் ஒன்று இருக்கிறது. ஏழு மணிக்குக் கடைசி பஸ் என்றார்கள். நான் அதற்கே டிக்கெட் எடுத்திருக்கிறேன்.